டயரைக் கைகழுவும் கார் நிறுவனங்கள்

புதுக் கார் எடுப்பவர் ஷோரூம் வாசலிலேயே நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, பழம் நசுங்க வண்டியை நகர்த்துகிறார். அந்தப் பழத்துக்கு ஒரு சாண் மேலே, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் வார்த்த டயர். கார் எந்த மாதத்தில் தயாரானது என்று துருவித் துருவிக் கேட்பவர்கூட இதைக் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்ல வேண்டிய விற்பனையாளர் வாய் திறப்பதில்லை. ஆண்டுக் கடைசித் தள்ளுபடியில் தள்ளிவிடப்படும் கார், மாதக்கணக்கில் வெயிலில் ஒரே இடத்தில் நின்ற காராக இருக்கலாம். நின்ற இடத்தில் டயர் தட்டையாகும். வெயிலில் ரப்பரும் முதுமை அடையும். கழுவிப் பளபளப்பாக்கிக் கொடுத்தால் கண்ணுக்கு எல்லாம் புதுசு!

இதைவிடப் பெரிய மோசடி உத்தரவாதப் புத்தகத்தின் உள்பக்கத்தில் இருக்கிறது. மோசடி என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறோம். இன்ஜினுக்குப் பொறுப்பு, கியருக்குப் பொறுப்பு என்று பக்கம் பக்கமாக அடுக்கிவிட்டு, டயருக்கு அதைத் தயாரித்தவரே பொறுப்பு என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்வது கார் நிறுவனங்களின் வழக்கம். வாங்கிய மூன்றாம் மாதம் டயரின் பக்கவாட்டில் கோலிக்குண்டு அளவுக்குப் புடைப்பு கிளம்புகிறது என்று வையுங்கள். ஷோரூமுக்குப் போனால், "டயர் கம்பெனியைப் பாருங்க சார்" என்பார்கள். டயர் கம்பெனியின் ஆள் வந்து தடவிப் பார்த்து, "பள்ளத்துல விட்டிருக்கீங்க, க்ளெய்ம் கிடைக்காது" என்று எழுதிவிட்டுப் போவார். டயரைத் தேர்ந்தெடுத்தவர் கார் வாங்கியவரா? எந்த நிறுவனத்தின் டயர், என்ன அளவு, எவ்வளவு காற்று என்று முடிவு செய்தது கார் நிறுவனம். விலையில் சேர்த்துப் பணம் வாங்கியதும் அதுவே. பொறுப்பை மட்டும் அடுத்த தெருவுக்கு அனுப்புவது என்ன நியாயம்?

பள்ளம் என்ற சாக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் சாலைகளில் பள்ளம் இருப்பது கார் நிறுவனங்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. நம் சாலைக்கென்றே சோதித்த கார் என்று விளம்பரம் செய்கிறவர்களே அவர்கள்தாம். விலை கூடிய வேரியன்ட்டில் 17 அங்குலம், 18 அங்குலம் என்று அலாய் சக்கரத்தைப் பெரிதாக்கி, அதற்கேற்ப டயரின் பக்கச்சுவரைச் சிறிதாக்கி, அழகு என்று காசு வாங்குகிறார்கள். பக்கச்சுவர் குட்டையானால் அதிர்ச்சி தாங்கும் ரப்பரும் காற்றும் குறையும், குழியின் விளிம்பு நேராகச் சக்கர விளிம்பில் இடிக்கும். அலாய் நெளியும், விரிசல் விடும். இது கார் வடிவமைப்பவருக்கு அரிச்சுவடி. சாலையைச் சீர்செய்யாத துறைகளின் குற்றம் தனி. அதை வேறொரு நாள் பேசுவோம்.

பொறுப்பைத் தள்ளிவிடும் இந்த விளையாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ரத்தசாட்சியம் உண்டு. ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை ஓடும்போதே உரிந்து வந்தது. வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்த டயர்களோடு தொடர்புடைய சாவுகளாக அந்நாட்டு அரசு கணக்கிட்டது 271. டயரில் கோளாறு என்றது ஃபோர்டு. வண்டியின் அமைப்பில்தான் கோளாறு, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ காற்று போதாது என்றது ஃபயர்ஸ்டோன். நூற்றாண்டை நெருங்கிய உறவை 2001-இல் முறித்துக்கொண்டார்களே தவிர, குற்றத்தை ஒருவரும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் அரசு சும்மா இருக்கவில்லை. அதே 2000-இல் சட்டம் வந்தது. அதன்படி, 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் டயரின் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமாயிற்று.

டயர் ஒருபுறம் இருக்க, சக்கரமே கழன்றால்? 2022-இல் டொயோட்டாவின் பிஇஸட்4எக்ஸ் மின்சாரக் கார் சந்தைக்கு வந்து இரண்டு மாதம் ஆகும் முன்பே, சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து சக்கரம் கழலக்கூடும் என்று தெரிந்தது. சுமார் 2,700 கார்கள். சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள் என்று அந்த நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது. உலகின் ஆகப் பெரிய கார் நிறுவனத்துக்கே போல்ட் காலை வாருகிறது என்றால், ஏர் கன்னால் 'டர்ர்' என்று ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, டார்க் ரெஞ்சால் சரிபார்க்காமல் சாவியைக் கொடுக்கும் டீலரை என்ன சொல்வது? யார்டில் டயர் தட்டையாகாமல் இருக்கக் கூடுதலாக ஏற்றி வைத்த காற்றைக்கூட இறக்காமல் கொடுப்பவர்கள் உண்டு. காற்று அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையில் படியும். மழையில் பிரேக் அடிக்கும்போது அதன் விலை தெரியும்.

ஐந்தாவது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் கிடையாது. இப்போது பல கார்களில் அந்தச் சக்கரமே கிடையாது. நம் மெக்கானிக்குகள் வாயில் புழங்கும் 'ஸ்டெப்னி' என்ற சொல், வேல்ஸில் லானெத்லி என்ற ஊரில் இருந்த ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல் வந்த காலத்தில், 1904-இல் அங்கே இரு சகோதரர்கள் அதைச் செய்து விற்றார்கள். நாம் இப்போது 1904-க்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறோம். காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு இடம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பக்கச்சுவர் கிழிந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. உளுந்தூர்பேட்டை தாண்டி நள்ளிரவில் குடும்பத்தோடு நிற்பவருக்கு அந்தப் பெட்டியால் என்ன பயன்? இருக்கும் ஸ்டெப்னியும் சிறுத்துவிட்டது, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்ற ஸ்டிக்கரோடு வருகிறது. சக்கரம் சிறுத்த அளவுக்கு விலை சிறுத்ததாகத் தெரியவில்லை.

சட்டம் இல்லை என்று அரசு சொல்ல முடியாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, உதிரிபாகத்தில் கோளாறு என்றால் அது பொருத்தப்பட்ட எல்லா வண்டிகளையும் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. டயரும் சக்கரமும் உதிரிபாகம் இல்லாமல் வேறென்ன? அந்த அதிகாரத்தை உறையிலேயே வைத்திருப்பது வெட்கக்கேடு. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்திலும் அரக்கோணத்திலும் தேர்வாய் கண்டிகையிலும் டயர்கள் உருவாகின்றன. காரும் டயரும் ஒரே ஊரில் பிறக்கும்போது, வாங்கியவரை மட்டும் இருவருக்கும் நடுவில் அலையவிடுவதைத் தமிழ்நாடு வேடிக்கை பார்க்கக் கூடாது.

காருக்குத் தரும் உத்தரவாதம் அதன் டயருக்கும் சக்கரத்துக்கும் பொருந்த வேண்டும். டயரில் தவறு இருந்தால் கார் நிறுவனம் முதலில் மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு டயர் நிறுவனத்தோடு வழக்காடிக்கொள்ளட்டும். எல்லா டயர்களின் வாரமும் ஆண்டும் பில்லில் அச்சாக வேண்டும். ஸ்டெப்னியை எடுக்கக் காற்றழுத்தக் கருவியை நிபந்தனை ஆக்கத் தெரிந்த அரசு, அதை எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, சாவி வாங்கும் முன் குனிந்து அந்த நான்கு இலக்கங்களைப் படியுங்கள். நட் முறுக்கியதையும் காற்று சரிபார்த்ததையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நல்ல நேரம் போனாலும் பரவாயில்லை, வண்டியை எடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.