‘எதிர்பாராத’ என்னும் அடைமொழி

ஒருவர் கருதிச் செய்யாமல் நேர்ந்துவிட்ட நிகழ்ச்சியைக் குறிக்க ஆங்கிலத்தார் ‘ஆக்சிடென்டல்’ என்னும் பெயரடையை வழங்குகின்றனர். அதற்கு ஈடாக நாம் ‘எதேச்சையான’, ‘தற்செயலான’, ‘எதிர்பாராத’ என்னும் மூன்று சொற்களையும் வேறுபாடின்றி ஆண்டு வருகின்றோம். மூன்றும் ஒரு பொருளன அல்ல.

‘எதேச்சை’ என்பது ‘விருப்பப்படி’ எனப் பொருள்படும் ‘யதேச்சா’ என்னும் வடசொல்லின் திரிபு. மனம்போனபடி ஆளுதலை ‘எதேச்சாதிகாரம்’ என்பது இதனாலேயே. தற்செயலைக் குறிக்கும் வடசொல் ‘யத்ருச்சா’ என்பதாகும். ஒலியொப்புமையால் இரண்டும் மயங்கின போலும். வேண்டிச் செய்ததைக் குறிக்கும் சொல், வேண்டாமல் நேர்ந்ததற்கு வழங்கலாயிற்று. ‘தற்செயல்’ என்பதோ தானே நிகழும் செயல். அங்கே செய்வோர் எவரும் இலர்.

‘எதிர்பாராத’ என்பது இவற்றினின்றும் வேறானது. இலக்கண நோக்கில் இஃது எதிர்மறைப் பெயரெச்சம். வினையடியாகப் பிறந்தமையால், வெளிப்படக் கூறாவிடினும் அதற்குள் ஓர் எழுவாய் மறைந்து நிற்கும். ‘படிக்காத பாடம்’ என்றால் படிக்காதவன் ஒருவன் உளன். அங்ஙனமே, ‘எதிர்பாராத விதமாகத் தீப்பற்றியது’ என்னும் செய்தியைப் படிக்குங்கால், எதிர்பாராதவர் யார், எதிர்பார்த்திருக்க வேண்டியவர் யார் என்னும் இரு வினாக்கள் நம் உள்ளத்தில் எழுதல் வேண்டும். நாமோ அச்சொல்லை வினாவின் தொடக்கமாகக் கொள்ளாமல் முடிவாகக் கொண்டுவிடுகின்றோம்.

2004-ஆம் ஆண்டில் நம் காவிரிப் படுகையில் நேர்ந்த இரு துயரங்களை ஒப்புநோக்கினால் இவ்வேறுபாடு விளங்கும். அவ்வாண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையற்கூடத்தில் தோன்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. குறுகிய படிக்கட்டின் வழியே வெளியேற இயலாமல் 94 குழந்தைகள் மாண்டனர். கீற்று தீப்பற்றும் என்பது எவரும் அறியாத உண்மையன்று. அதற்கு ஆறு திங்களுக்கு முன்புதான், ஜனவரி 23-இல், திருவரங்கத்துத் திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். பள்ளித் தீக்காக 2014-இல் தஞ்சை நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அந்தத் தீயை எதிர்பாராதவர்கள் அக்குழந்தைகளே, பெரியவர்கள் அல்லர்.

அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. சுமத்திராவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தபின் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழிந்தே அலை நம் கரையை அடைந்தது. ஆயினும், கோட்டுச்சேரிமேட்டு மீனவருக்கு அதனைச் சொல்ல அன்று எந்த ஏற்பாடும் இல்லை. அவர்களைப் பொறுத்தமட்டில் அது மெய்யாகவே எதிர்பாராதது. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. இனியொரு முறை அலை வந்து, எச்சரிக்கை கரைக்கு எட்டாது போயின், ‘எதிர்பாராத’ என்று எழுத நமக்கு உரிமை இல்லை. அறிவு வளர வளர இச்சொல்லின் எல்லை சுருங்குதல் வேண்டும்.

சட்டமும் இதனையே கூறுகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், சட்டத்துக்கு இசைந்த செயலை உரிய கவனத்துடன் செய்யுங்கால் நேர்ந்த விபத்துக்கே விலக்களித்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விதி தொடர்கிறது. கவனம் இல்லையேல் விலக்கும் இல்லை. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 92-ஆம் வசனமும், தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் பரிகாரமும், மாண்டவர் குடும்பத்துக்கு இழப்பீடும் விதிக்கின்றது. கருதிச் செய்யவில்லை என்பது குற்றத்தின் அளவைக் குறைக்கலாம், கடமையை அழித்துவிடாது.

நம் தமிழ் மரபும் இதற்கு மாறுபட்டதன்று. பெரியபுராணம் கூறும் திருவாரூர் வரலாற்றில், தேர்க்காலில் கன்று அகப்பட்டதை இளவரசன் அறியான். அமைச்சர்கள் கழுவாய் கூறி அமைதி காண முயன்றனர். மனுநீதிச் சோழன் இசையவில்லை. அம்மன்னன் விதித்த தண்டனையை நாம் இன்று ஏற்க வேண்டுவதில்லை. ‘அறியாமல் நேர்ந்தது’ என்னும் சொல்லோடு வழக்கை முடிக்க அவன் மறுத்தமையே நாம் கொள்ளத்தக்கது. வள்ளுவரோ கவனக்குறைவைப் ‘பொச்சாப்பு’ எனப் பெயரிட்டு, பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இத்துணைப் பொருத்தமான சொல்லை வழக்கிழக்க விட்டுவிட்டு, ‘எதிர்பாராத’ என்பதன் நிழலில் நாம் ஒதுங்குகின்றோம்.

இழந்தவர் வீட்டில் ‘இறைவன் நாட்டம்’ என்று கூறித் தேற்றுதல் நன்று. அது துயருற்றவருக்கு மருந்து. அதே சொல்லைப் பிழை செய்தவர் தமக்குக் கேடயமாக ஏந்துதல் தகாது. ஊர்ப்பெரியவர்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காண்பார்களாக. மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் செய்தியாளராவீர். சிலர் காவல் நிலையத்தில் அறிக்கை எழுதுவீர். பலர் பள்ளியையோ கடையையோ நடத்துவீர். ‘எதிர்பாராத’ என எழுத எழுதுகோல் விரையுமிடத்து ஒரு நொடி நிறுத்தி, ‘யார் எதிர்பாராத?’ என்று கேளுங்கள். விடை கிடைத்தால் அதனை எழுதுங்கள். எழுவாயைத் தேடுவது இலக்கணப் பயிற்சி மட்டுமன்று, அறமும் ஆகும்.