தேவனஹள்ளி வெற்றியும் ‘விருப்ப விற்பனை’ என்னும் கண்ணியும்

பெங்களூரு ஊரக மாவட்டம், தேவனஹள்ளி வட்டம், சன்னராயபட்டணா ஹோப்ளியைச் சேர்ந்த 13 கிராமங்களில் 1,777 ஏக்கர் விளைநிலத்தைக் கையகப்படுத்தும் திட்டம் கைவிடப்படுவதாக 2025 ஜூலை 15 அன்று கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். 2022 ஏப்ரல் 4 அன்று தொடங்கி, ஏறத்தாழ 1,200 நாட்கள் இடையறாது நடைபெற்ற போராட்டத்தின் முன் ஓர் அரசு பணிந்துள்ளது. பன்னாட்டு விமான நிலையத்தின் அருகே, ஏக்கர் கோடிகளில் விலை பேசப்படும் மண்ணில், சிறு விவசாயிகளும் தலித் குடும்பங்களும் ஈட்டிய இவ்வெற்றி நாடு முழுவதுமுள்ள உழைக்கும் மக்களுக்கு ஊக்கமளிப்பது.

எனினும், அவ்வறிவிப்பின் ஈரம் காய்வதற்குள் அதன் மறுபாதியையும் படித்தாக வேண்டும். விவசாயிகள் எவரேனும் தாமே விரும்பி நிலத்தைத் தந்தால் அரசு பெற்றுக்கொள்ளும். அவர்களுக்குக் கூடுதல் விலையும் மேம்படுத்தப்பட்ட மனைகளும் வழங்கப்படும் என்று முதலமைச்சர் அதே மூச்சில் கூறியுள்ளார். முன்வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட திட்டத்திற்குக் கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடக்கிறது. “விவசாயத்தில் இலாபம் இல்லை, விற்க விரும்புகிறவனைத் தடுக்க நீங்கள் யார்?” என்ற வாதம் இனி உரக்க ஒலிக்கும். அவ்வாதத்திற்குத் தெளிவான விடை சொல்லாமல் இவ்வெற்றியைக் காக்க இயலாது.

இரண்டு ஆட்சிகள், ஒரே அறிவிக்கை

2021 ஆகஸ்டில், பாரதிய ஜனதா ஆட்சியின்போது, கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் விண்வெளி மற்றும் விமானத் தொழில் பூங்காவின் பெயரால் இந்நிலங்களுக்கான முதல் அறிவிக்கையை வெளியிட்டது. அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சித்தராமையா விவசாயிகளின் பக்கம் நின்று பேசினார். 2023 மே மாதத்தில் அவரே முதலமைச்சரானார். ஆனால் 2025இல் அவரது அரசு பத்துக் கிராமங்களின் 1,282 ஏக்கருக்கான கையகப்படுத்தலை இறுதிக் கட்டத்திற்கு நகர்த்தியது. மீதி 495 ஏக்கரை விடுவிப்பதாகச் சலுகை காட்டி, மூன்று கிராமங்களைப் பிற கிராமங்களிலிருந்து பிரித்துவிட எண்ணியது. போராடியவர்கள் அச்சலுகையை ஏற்கவில்லை. ஜூன் 25 அன்று ‘தேவனஹள்ளி சலோ’ என்ற அறைகூவலை ஏற்றுத் திரண்டவர்களைக் காவல்துறை வலுவில் அப்புறப்படுத்திக் கைது செய்தது. அதன் பின்னர் போராட்டம் பெங்களூரு சுதந்திரப் பூங்காவுக்கு வந்தது. தொழிற்சங்கங்களும் தலித் அமைப்புகளும் மாணவரும் எழுத்தாளரும் திரைக்கலைஞரும் அங்கு வந்து விவசாயிகளோடு அமர்ந்தனர். மூன்றாண்டுகளாகத் திறவாத அரசின் செவி மூன்றே வாரங்களில் திறந்தது.

முதலாளித்துவக் கட்சிகள் இரண்டின் கைகளிலும் இருந்த கருவி ஒன்றே: 1966ஆம் ஆண்டின் கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சிச் சட்டம். ஒரு பகுதியைத் தொழிற்பகுதி என்று அறிவித்து, ஆட்சேபங்களைக் கேட்டதாகக் காட்டி, இறுதி அறிவிக்கை வெளியிட்டு நிலத்தை வாரியத்தின் உடைமையாக்க இச்சட்டம் வழிசெய்கிறது. நில உடைமையாளரின் ஒப்புதலை அது கேட்பதில்லை. சமூகத் தாக்க ஆய்வையும் கேட்பதில்லை.

இதற்கு மாறாக, 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம், தனியார் நிறுவனங்களுக்காக நிலம் எடுக்கும்போது 80 விழுக்காட்டினரின் முன் ஒப்புதலையும், அரசு–தனியார் கூட்டுத் திட்டமாயின் 70 விழுக்காட்டினரின் ஒப்புதலையும் கட்டாயமாக்குகிறது. பாசன வசதியுள்ள, ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போகம் விளையும் நிலத்தை வேறு வழியே இல்லாத நிலையில் அன்றி எடுக்கலாகாது என்கிறது. அச்சட்டத்தைக் கொண்டுவந்தது காங்கிரஸ் தலைமையிலான மத்திய அரசு. அதன் ஒப்புதல் விதியை உடைக்க 2014 டிசம்பரில் அவசரச் சட்டம் பிறப்பித்து, விவசாயிகளின் எதிர்ப்பால் 2015 ஆகஸ்டில் அதனைக் காலாவதியாக விட்டது மோடி அரசு. தில்லியில் தான் இயற்றிய சட்டத்தைப் பெங்களூருவில் காங்கிரஸ் சுற்றிவளைத்துச் செல்கிறது. பாரதிய ஜனதாவோ தில்லியிலும் பெங்களூருவிலும் ஒரே முகத்தோடு நிற்கிறது.

நிலம் யாருடைய பிழைப்பு?

‘விற்பவன் விற்கிறான், வாங்குபவன் வாங்குகிறான்’ என்னும் வாதம் நிலத்தை ஒரு தனி மனிதரின் உடைமையாக மட்டுமே காண்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தின் சாளரம் வழியே பார்த்தால் அது அப்படித்தான் தெரியும். ஊருக்குள் சென்று பார்த்தால் வேறு கணக்கு தெரியும்.

இப்பகுதியின் மானாவாரி நிலத்தில் விளைவது ராகி. தானியம் வீட்டுக்கு உணவாகிறது; தாள் மாட்டுக்குத் தீவனமாகிறது; சாணம் மீண்டும் வயலுக்கு எருவாகிறது. மாடு கறக்கும் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்கிறது. அப்பால் பணமே பெரும்பாலான வீடுகளில் பெண்களின் கைக்கு நேரே வரும் வருமானம். கால் ஏக்கர்கூட இல்லாத குடும்பமும் வரப்புப் புல்லையும் அறுவடை முடிந்த வயலின் தாளடியையும் நம்பி ஒரு மாடோ நாலு ஆடோ வளர்க்கிறது. கிணற்றுப் பாசனமுள்ள இடங்களில் காய்கறியும் பூவும் முசுக்கொட்டையும் விளைகின்றன. ‘பெங்களூர் நீலம்’ திராட்சைக் கொடி படர்கிறது. திராட்சைக்குக் கவாத்து செய்யவும் முசுக்கொட்டை இலை பறிக்கவும் பட்டுப்புழுவுக்கு இரவு பகலாக இரை இடவும் கூலியாட்கள் தேவை. பட்டுக்கூடு விஜயபுரம், சிட்லகட்டா சந்தைகளுக்குச் செல்கிறது. அங்கே நூற்பவர், தரகர், சுமைதூக்குபவர் என்று மேலும் பலருக்கு அது பிழைப்பளிக்கிறது. காய்கறியும் கீரையும் விடியுமுன் பெங்களூரு சந்தைகளை அடைகின்றன.

ஓர் ஏக்கர் விற்கப்படும்போது பணம் பெறுபவர் ஒருவர். பஹணியில் எவர் பெயர் உள்ளதோ அவர். குத்தகைக்கு உழுதவர், களையெடுத்தவர், இலை பறித்தவர், மாடு மேய்த்தவர் ஆகியோரின் பெயர் எந்தப் பஹணியிலும் இல்லை. அரசு நிலத்தில் பல்லாண்டுகள் பயிர் செய்து, உரிமை கோரி 50, 53, 57ஆம் எண் படிவங்களில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ‘பகர் ஹுக்கும்’ சாகுபடியாளர்கள் கர்நாடகமெங்கும் உள்ளனர். அவர்களுக்கும் இழப்பீடு எட்டாக் கனியே. பெண்களின் உழைப்பு வயலில் பாதிக்கு மேல் இருந்தாலும் பட்டா பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கிறது. ஆகவே ‘விருப்பம்’ என்று அரசு சொல்வது ஊரின் விருப்பமன்று. பஹணியில் பெயர் உள்ளவரின் விருப்பம் மட்டுமே.

இவ்வுண்மையை 2013ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. நிலமில்லாவிடினும், பாதிக்கப்படும் பகுதியில் மூன்றாண்டுகளாக வேலை செய்துவரும் விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர், வாரச் சாகுபடியாளர், கைவினைஞர் ஆகியோரின் குடும்பங்களையும் அது ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றே வரையறுக்கிறது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசுகள் விரும்புவதன் காரணமும், இப்போது ‘விருப்ப விற்பனை’யை நாடுவதன் காரணமும் ஒன்றே. இரண்டிலும் இக்குடும்பங்கள் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன.

விருப்பம் எங்கிருந்து பிறக்கிறது?

விவசாயம் நொடித்துப்போயிருக்கிறது என்பது பொய்யன்று. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்குகின்றன. உரமும் விதையும் விலையேறுகின்றன. தக்காளி சில மாதம் தங்கமாகிறது, சில மாதம் சாலையில் கொட்டப்படுகிறது. கடனில் மூழ்கிய விவசாயி நிலத்தை விற்க எண்ணுவதைப் பழிப்பது இடதுசாரி இயக்கத்தின் வேலையன்று. அவரை அந்நிலைக்குத் தள்ளியவர் யார் என்று கேட்பதே அதன் வேலை. முழு உற்பத்திச் செலவோடு ஐம்பது விழுக்காடு சேர்த்துக் குறைந்தபட்ச ஆதரவு விலை வழங்கவேண்டும் என்ற சுவாமிநாதன் ஆணையத்தின் பரிந்துரையைச் சட்டமாக்க மறுப்பவர் யார்? கையகப்படுத்தும் அறிவிக்கையின் நிழலில் நான்காண்டுகள் கிடந்த நிலத்தை நம்பி எந்த வங்கி கடன் தரும்? எந்த விவசாயி புதிதாகத் திராட்சைப் பந்தல் போடுவார்? நான்காண்டுகள் கழுத்தை நெரித்துவிட்டு, மூச்சுத் திணறியவர் நீட்டும் கையைச் ‘சம்மதம்’ என்று பதிவு செய்வது எவ்வகை நேர்மை?

தேவராஜ் அர்ஸ் ஆட்சியில் 1974இல் திருத்தப்பட்ட கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் உழுபவருக்கு நில உரிமை வழங்கியது. விவசாயி அல்லாதார் விளைநிலம் வாங்குவதைத் தடுத்த 79ஏ, 79பி பிரிவுகளை 2020இல் எடியூரப்பா அரசு நீக்கியது. அதனை எதிர்த்துப் பேசிய காங்கிரஸ், ஆட்சிக்கு வந்து ஈராண்டுகள் கடந்த பின்னும் அப்பிரிவுகளை மீட்கவில்லை. பணமூட்டையோடு வருபவர் எவரும் விளைநிலத்தை வாங்கலாம் என்றாகிவிட்ட சந்தையில், ‘விருப்ப விற்பனை’ நிலத்தரகருக்கு விரிக்கப்படும் சிவப்புக் கம்பளம். நடுவில் நாலு ஏக்கர் விற்றுப்போனால் வண்டிப்பாதை அடைபடும். ஏரிக்கு நீர் வரும் கால்வாய் தூர்க்கப்படும். கூலியாள் கிடைக்காமல் போவார். அடுத்த வயல்காரரும் விருப்பமின்றியே ‘விரும்பி’ விற்க நேரும்.

‘தொழில் ஓடிவிடும்’ என்ற பூச்சாண்டி

கர்நாடக அரசு பின்வாங்கியவுடன், விமானத் தொழில் நிறுவனங்களை ஆந்திரத்துக்கு அழைத்து, 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஆயத்தமாக உள்ளது என்று அம்மாநில அமைச்சர் நாரா லோகேஷ் அறிவித்தார். மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நிலத்தை ஏலம் விடும் கேவலத்தைக் கார்ப்பரேட் ஊடகங்கள் ‘வளர்ச்சிப் போட்டி’ என்று போற்றின. அதே ஆந்திரத்தில், அமராவதி தலைநகருக்காக நிலத் திரட்டு முறையில் 30,000 ஏக்கருக்கும் மேல் பெறப்பட்டது. அங்கும் எல்லாம் ‘விருப்பத்தின்’ பெயராலேயே நடந்தது. நிலம் தந்தவருக்கு மனைகள். நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகை. ஒரு கூலிக் குடும்பத்தின் வாழ்வுக்கு ஆளும் வர்க்கம் இட்ட விலை அது.

இடதுசாரிகள் தொழில் வளர்ச்சிக்கு எதிரிகள் என்ற அவதூறு இத்தருணத்தில் மீண்டும் எழும். பெங்களூருவை விமானத் தொழிலின் நகரமாக்கியது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். மின்னணுத் தொழிலின் நகரமாக்கியவை ஐ.டி.ஐ.யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும். தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் உட்பட ஆயிரமாயிரம் பேருக்கு நிரந்தர வேலையும் சங்க உரிமையும் குடியிருப்பும் கிடைத்தது இப்பொதுத்துறை ஆலைகளில்தான். இன்று பூங்கா கேட்பவர்கள் வாக்களிக்கும் வேலையின் தன்மை என்ன? நிலமிழந்த ஊர் மக்களுக்கு எத்தனை நிரந்தரப் பணி? 4,000 ஏக்கர் பரப்பில் 2008இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தாலும், அதைச் சுற்றி வாரியம் எடுத்த நிலங்களாலும் உள்ளூர் மக்கள் பெற்ற வேலைகள் எத்தனை? இதுவரை எடுத்த நிலத்தில் எவ்வளவு பயன்பாட்டில் உள்ளது? இவ்விவரங்களை வெள்ளை அறிக்கையாக வெளியிட்ட பிறகு புதிய நிலம் பற்றிப் பேசட்டும்.

தமிழகத்திற்கும் இதுவே பாடம்

இது கர்நாடகத்தின் தனிக்கதையன்று. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்கு இடம் அறிவிக்கப்பட்ட நாள் முதல், பரந்தூரை அடுத்த ஏகனாபுரம் மக்கள் போராடி வருகின்றனர். செய்யாறு வட்டத்தில் மேல்மா சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. கர்நாடகத்தின் 1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உடன்பிறப்பாகத் தமிழகத்தில் இருப்பது 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானது என்று 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கியது. அன்றைய அ.தி.மு.க. அரசு அதற்குப் புத்துயிரூட்டியது. 2021இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. அ.தி.மு.க.வுக்குப் பின் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசும் அச்சட்டத்தையே கையாண்டது. கொடி மாறியும் கருவி மாறவில்லை.

உடனடிக் கடமைகள்

வாய்மொழி அறிவிப்பு போதாது. 1,777 ஏக்கருக்கான அறிவிக்கைகள் அனைத்தும் அரசிதழ் வாயிலாக முறைப்படி நீக்கப்பட வேண்டும். ‘விருப்ப விற்பனை’ என்னும் இணைப்பு திரும்பப் பெறப்பட வேண்டும். அரசோ வாரியமோ அப்பகுதியில் நிலம் வாங்குவதை நிறுத்த வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒப்புதல், சமூகத் தாக்க ஆய்வு, நிலமற்றோர் மறுவாழ்வு ஆகிய விதிகளுக்கு மாநிலத் தொழில் நிலச் சட்டங்கள் கட்டுப்படும்படி திருத்தம் வேண்டும். 79ஏ, 79பி பிரிவுகள் மீட்கப்பட வேண்டும். ‘பகர் ஹுக்கும்’ சாகுபடியாளருக்குப் பட்டா வேண்டும். இவற்றோடு, விற்கும் நிலைக்கு விவசாயியைத் தள்ளும் காரணங்களையும் எதிர்க்க வேண்டும்: ஆதரவு விலைக்குச் சட்ட உறுதி, கடன் தள்ளுபடி, ஏரிகளின் சீரமைப்பு, விவசாயத் தொழிலாளருக்கு வேலையும் கூலியும். இக்கோரிக்கைகள் இல்லாத நிலப் பாதுகாப்பு முழக்கம் கடன்பட்ட விவசாயியின் காதில் ஏறாது.

போராட்டக் களத்தில் பட்டா உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாகவே அமர்ந்திருந்தனர். ஆளும் வர்க்கம் அடுத்து குறிவைப்பது அவ்வொற்றுமையையே. ஒரு கையில் விலைப்பட்டியலோடும் மறுகையில் மனை வரைபடத்தோடும் தரகர்கள் வீடு வீடாக ஏறி இறங்கும்போது, விவசாயத் தொழிலாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் அதே வீடுகளுக்கு முன்னதாகவே சென்றிருக்க வேண்டும். சிறு உடைமையாளரின் கடன் சுமையையும் நிலமற்ற தொழிலாளரின் வேலை உரிமையையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் எழுதி, அதற்காக இருவரையும் ஒன்றாகத் திரட்டும் அமைப்பு வேலையில்தான் சன்னராயபட்டணாவின் வெற்றி நிலைபெறும்.