சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்!

சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. அந்தக் கேலி இன்று நாஞ்சில் நாட்டில் பல வீடுகளில் கணக்குப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் இருந்தபடியே செல்போன் மூலம் சரக்கு விற்கும் சிறு வியாபாரிகளைக் கேட்டால் தெரியும். சரக்கில் வரும் லாபத்தைக் கூரியர் கூலி தின்றுவிடுகிறது. அதிலும் முதலில் சொன்ன கூலி ஒன்று, பிறகு பிடிக்கும் கூலி வேறொன்று!

நாகர்கோவிலில் விற்பதற்கு நல்ல சரக்குக்குப் பஞ்சமில்லை. ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, மார்த்தாண்டம் தேன், கருப்பட்டி, கிராம்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2023ஆம் ஆண்டு நம் மட்டி வாழைப்பழத்துக்கும் அந்தப் பெருமை கிடைத்தது. முன்பெல்லாம் கோட்டாறு கடைத்தெருவோடு நின்ற வியாபாரம் இன்று தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போகிறது. குடும்பப் பெண்களும், படித்து வேலை கிடைக்காத வாலிபர்களும் இதனால் நாலு காசு பார்க்கிறார்கள். வரவேற்க வேண்டிய காரியம்தான். ஆனால் பார்சல் வாசலைத் தாண்டிய பிறகு நடப்பதுதான் வயிற்றெரிச்சல்.

எடை ஒன்று, கூலி வேறு

சரக்கு அனுப்புகிறவர் வீட்டிலேயே பெட்டியை நிறுத்து, நீளம் அகலம் உயரம் அளந்து, அந்த விவரத்தை ஆன்லைனில் பதிவு செய்கிறார். அதற்குரிய பணம் அவர் முன்கூட்டியே கட்டி வைத்த கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. லேபிள் என்று சொல்லப்படும் விலாசச் சீட்டு அச்சாகி வருகிறது. அதை ஒட்டிக் கொடுத்தால் கூரியர் பையன் வந்து எடுத்துப் போகிறான். கதை இத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முடியவில்லை. பெட்டி போகிற வழியில், ஏதோ ஓர் ஊரின் கிடங்கில், ஓர் இயந்திரம் அதை மறுபடியும் நிறுத்து அளக்கிறது. அங்கே அளவு கூடுதலாக வந்தால், வித்தியாசத் தொகை மீண்டும் கணக்கிலிருந்து கழிக்கப்படும். சில நாள் கழித்து ஒரு தகவல் வரும். சிலர் அதைப் பார்ப்பதே இல்லை. மாதக் கடைசியில் பணம் ஏன் குறைந்தது என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

கூரியர் கணக்கில் இரண்டு எடைகள் உண்டு. ஒன்று தராசு காட்டும் எடை. மற்றொன்று பெட்டி அடைக்கும் இடத்தைக் கொண்டு போடும் எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் அந்த இட எடை கிலோவில் கிடைக்கும். பல கூரியர் கம்பெனிகள் கையாளும் கணக்கு இதுதான். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. தேன் பாட்டில் அனுப்புகிறவருக்கு இதனால் கவலையில்லை. தேன் சிறிய இடத்தில் கனமாக உட்காரும் சரக்கு. ஏத்தங்காய் சிப்ஸ் அனுப்புகிறவர் பாடுதான் திண்டாட்டம்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரைக் கிலோ சிப்ஸ் பொட்டலம் இரண்டு. பெட்டியோடு சேர்த்து 1,200 கிராம். பெட்டியின் அளவு 25, 20, 12 சென்டிமீட்டர். பெருக்கினால் 6,000, வகுத்தால் 1.2 கிலோ. தராசு எடையும் இட எடையும் ஒன்றாகவே இருக்கின்றன. அரைக் கிலோவுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரைக் கிலோவுக்குரிய 120 ரூபாயும், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரியும் சேர்த்து 141 ரூபாய் 60 காசு.

அதே பெட்டி வழியில் நசுங்கிப் புடைத்துக்கொள்கிறது. அல்லது பக்கத்துப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு இயந்திரத்தில் ஏறுகிறது. இயந்திரம் 30, 25, 16 என்று அளக்கிறது. பெருக்கினால் 12,000, வகுத்தால் 2.4 கிலோ. இப்போது இரண்டரைக் கிலோவுக்கான 200 ரூபாயும் வரியும் சேர்த்து 236 ரூபாய். கூடுதல் பிடித்தம் 94 ரூபாய் 40 காசு. அந்தப் பார்சலில் வியாபாரிக்கு நின்ற லாபமே 80 ரூபாய்தான் என்றால், அவர் தில்லிக்காரருக்குச் சிப்ஸும் கொடுத்து, மேலே 14 ரூபாயும் கொடுத்தார் என்று அர்த்தம்! வாங்குகிறவர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாலோ, திரும்பி வரும் கூலியும் அந்தக் கூடுதல் எடைக்கே போடப்படலாம்.

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் உண்டு

ஒருதலையாகப் பேசுவது நம் நோக்கமில்லை. லாரியிலும் விமானத்திலும் இடத்துக்கு விலை உண்டு. பஞ்சு மூட்டைக்கும் இரும்புத் துண்டுக்கும் எடை ஒன்றாக இருந்தால் ஒரே கூலி வாங்க முடியுமா? இட எடை என்ற கணக்கு நியாயமானதே. இரண்டு கிலோ பெட்டியை அரைக் கிலோ என்று பதிவு செய்து ஏமாற்றப் பார்க்கும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். ஆகவே வழியில் ஒரு முறை சரிபார்ப்பதையும் தவறென்று சொல்ல மாட்டோம்.

தவறு எங்கே என்றால், பிடிப்பது நொடியில் நடக்கிறது. திரும்பக் கொடுப்பது மாதக் கணக்கில் இழுக்கிறது. கம்பெனி அளந்ததே தீர்ப்பு. தவறென்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் விற்றவர் தலையில்! அதற்கும் கெடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கெடு பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டியது. தவறவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் செய்துகொள்கிறார்கள்.

பழைய தபால் முறையை எண்ணிப் பாருங்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு அஞ்சல் என்ற பெயரில் சொந்தத் தபால் இலாகா இருந்தது. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சல் ஓட்டக்காரர்களைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். 1951இல் அது இந்தியத் தபால் இலாகாவுடன் இணைந்தது. இன்றும் தபால் ஆபீசில் பார்சல் கொடுத்தால் நம் கண் முன்னே தராசில் வைத்து, எடையையும் கட்டணத்தையும் ரசீதில் அச்சிட்டுத் தருகிறார்கள். கண் முன்னே நிறுப்பதில் உள்ள நிம்மதி, காணாத ஊரின் இயந்திரத்தில் உண்டா?

சட்டம் என்ன சொல்கிறது?

கோட்டாறு கடைத்தெருவில் காய்கறி விற்கிறவர்கூடத் தம் எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கார் முத்திரை வாங்க வேண்டும். 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் வியாபாரத்தில் பயன்படும் எல்லாத் தராசுகளுக்கும் பொருந்தும். கூரியர் கிடங்கின் தராசு அதற்கு விலக்கல்ல. கூலி பிடித்த தராசின் முத்திரைத் தேதியைக் கேட்பதற்கு விற்பனையாளருக்கு எல்லா நியாயமும் உண்டு.

தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72வது பிரிவு சொல்கிறது. ரயில்வேயில் சரக்குக் கூலி கூடுதலாக வாங்கப்பட்டால், ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம் என்று 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 106வது பிரிவு வழி செய்திருக்கிறது. வழக்கைக் கேட்பதற்குத் தனி டிரிப்யூனலும் உண்டு. ரயிலுக்கு ஆறு மாதம். கூரியருக்கு ஒரு வாரமா?

பிறகு நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் ஒரு சூட்சுமம். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2002இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒரு பாதுகாப்பு இருந்தது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கும் பொருளும், பெறும் சேவையும் வணிக நோக்கமாகக் கருதப்பட மாட்டா என்று அதில் விளக்கம் இருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விளக்கம் பொருளை மட்டும் சொல்கிறது. சேவை என்ற சொல் காணோம்! கூரியர் என்பது சேவை. ஆகவே, நீர் நுகர்வோரே அல்ல, வியாபாரி என்று கம்பெனி வக்கீல் வாதாட இடம் ஏற்பட்டிருக்கிறது. பெரிய முதலாளிக்கும், அடுக்களையில் சிப்ஸ் பொரித்து விற்கும் குடும்பப் பெண்ணுக்கும் ஒரே அளவுகோலா?

சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களில், வழக்கு என்றால் கம்பெனியின் தலைமை அலுவலகம் உள்ள ஊரில்தான் என்று எழுதி வைப்பது வழக்கம். 94 ரூபாய்க்காகப் பெங்களூருக்கோ தில்லிக்கோ யார் ரயில் ஏறப் போகிறார்கள்? இது கம்பெனிகளுக்கும் தெரியும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஆதாரம் காட்டாமல் பணம் பிடிக்கக் கூடாது. விலாசச் சீட்டு தெரியும்படி பெட்டியின் படமும், தராசும் அளவும் காட்டிய எண்களும் விற்றவருக்கு முன்னதாக வர வேண்டும். விற்றவர் ஆட்சேபித்தால், தகராறு தீரும் வரை பணத்தைத் தொடக் கூடாது.

இரண்டாவதாக, இயந்திரம் குறைவாகக் காட்டினாலும் அதே வேகத்தில் பணம் திரும்பி வர வேண்டும். அமெரிக்கத் தபால் இலாகா 2017 முதல் இயந்திரத்தால் பார்சல்களைச் சரிபார்க்கிறது. குறைவாகக் கட்டியவரிடம் வாங்குவது போலவே, கூடுதலாகக் கட்டியவருக்கு அவர் கணக்கில் வரவும் வைக்கிறது. அங்கே முடிவது இங்கே முடியாதா? திரும்பித் தரும்போது கூலியோடு அதற்குப் பிடித்த வரியையும் சேர்த்து, கிரெடிட் நோட்டுடன் தர வேண்டும்.

மூன்றாவதாக, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் விட்டுப்போன அந்த ஒரு சொல்லை மத்திய சர்க்கார் மீண்டும் சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்து எம்.பி. இதைப் பாராளுமன்றத்தில் எழுப்பலாம்.

சர்க்கார் விழிக்கும் வரை விற்பனையாளர்களும் சும்மா இருக்கக் கூடாது. பெட்டியை ஒட்டிய பிறகு தராசில் வைத்து ஒரு படம். டேப்பால் மூன்று பக்கமும் அளந்து மூன்று படம். நான்கிலும் விலாசச் சீட்டு தெரிய வேண்டும். இதற்கு இரண்டு நிமிஷம் போதும். ஒரே சரக்குக்கு ஒரே அளவுப் பெட்டியைப் பயன்படுத்துங்கள். புடைத்துக்கொள்ளாத கெட்டி அட்டைப் பெட்டியாகப் பாருங்கள். வாரம் ஒரு நாள் கணக்கைத் திறந்து, பதிந்த எடையையும் பிடித்த எடையையும் ஒப்பிடுங்கள். கெடுவுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுங்கள். பதில் இல்லையென்றால் மேலதிகாரிக்கு எழுதுங்கள்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிப் பாருங்கள்.

தனித்தனியாகக் கத்தினால் 94 ரூபாய் தகராறு. ஐம்பது பேர் கணக்கைச் சேர்த்து வைத்தால் அது ஓர் அத்தாட்சி. நாகர்கோவிலில் உள்ள மாவட்டத் தொழில் மையம் இந்தச் சிறு விற்பனையாளர்களைக் கூட்டிப் பேசினால் பெரிய உபகாரமாக இருக்கும்.

உழைத்துப் பிழைக்கிறவர்கள் இலவசம் கேட்கவில்லை. சரியான எடைக்குச் சரியான கூலி கேட்கிறார்கள். தராசு முள் ஒரு பக்கமே சாய்ந்து நின்றால், அதற்குப் பெயர் தராசாகுமா?