அந்த மூன்றாவது சர்வர் ஏன் காலியாக இருக்கிறது?

“அதையெல்லாம் ஷெட்யூலரே பார்த்துக்கும், மாமா” என்பான் என் அக்கா மகன். பெங்களூரில் குபர்னெட்டிஸோடு மல்லுக்கட்டுவதுதான் அவனுக்கு வேலை. எந்த சர்வரில் எந்த சர்வீஸ் ஓட வேண்டும் என்று நாங்கள் தாளில் கட்டம் போட்டு முடிவு செய்த கதையைச் சொன்னால் அவனுக்குச் சிரிப்பு வருகிறது. அவன் சொல்வதில் பாதி சரி. ஆயிரம் சர்வீஸை ஐம்பது மெஷினுக்குப் பிரித்துக் கொடுப்பது மனிதன் உட்கார்ந்து செய்கிற காரியம் இல்லை. மீதிப் பாதியில்தான் எனக்கும் அவனுக்கும் வழக்கு.

கம்ப்யூட்டர் பக்கம் வராத நண்பர்களுக்காக இரண்டு வரி. ஒரு ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி பதிவு, லேப் ரிசல்ட், பில்லிங், எஸ்.எம்.எஸ். அனுப்புவது, டேட்டாபேஸ், மாதக் கடைசி ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றும் தனித்தனி புரோகிராமாக ஓடும். இவைதான் சர்வீஸ்கள். இவற்றைச் சில சர்வர்களில் பரப்பி, வெளியே ஒரே மெஷின் போலக் காட்டுவது கிளஸ்டர். எதை எங்கே ஏற்றுவது என்று தீர்மானிக்கும் புரோகிராம் ஷெட்யூலர். லாரியில் சரக்கு ஏற்றும் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளலாம். பஞ்சு மட்டும் ஏற்றினால் இடம் தீர்ந்துவிடும், எடை மிச்சம். இரும்பு மட்டும் ஏற்றினால் எடை தீர்ந்துவிடும், இடம் மிச்சம். சர்வரில் மெமரியும் பிராசசரும் அப்படித்தான். இரண்டையும் கலந்து ஏற்றத் தெரிந்தவனே நல்ல மேஸ்திரி.

இந்தக் கலையில் குபர்னெட்டிஸ் கெட்டிக்காரன்தான். வழக்கு எங்கே வருகிறது என்றால், பட்ஜெட் மீட்டிங்கில். “மூன்று சர்வர் வாங்கினோம், அறுபது சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது, புதிய அப்ளிகேஷனையும் அதிலேயே போட்டால் என்ன?” என்று கணக்குப் பிரிவில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி மாதிரியே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் 64 ஜிபி மெமரி என்றால் மூன்றிலும் சேர்த்து 192. ஒன்று படுத்துவிட்டால் மிஞ்சுவது 128. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் குபர்னெட்டிஸின் சொந்தச் செலவுக்கும் மெஷினுக்கு 4 ஜிபி ஒதுக்கினால் 120. ஆக, ஒரு சர்வர் போனாலும் எல்லா வேலையும் நடக்க வேண்டும் என்றால் நீங்கள் ஏற்றக்கூடிய மொத்தச் சரக்கு 120 ஜிபி. 192-ல் 62 சதவீதம் சொச்சம். அறுபது சதவீதம் நிரம்பிய அந்த கிளஸ்டர் உண்மையில் நிரம்பி வழிகிற நிலையில் இருக்கிறது. அதுவும் சரக்கு சில்லறை மூட்டைகளாக இருந்தால்தான். டேட்டாபேஸ் ஒன்றே 30 ஜிபி கேட்கிறது என்றால், இரண்டு மெஷினில் பதினைந்து பதினைந்தாகக் கிடக்கும் காலி இடம் அதற்கு உதவாது.

பத்து சர்வர் இருக்கிற இடத்தில் இந்த வரி குறைவு. ஒன்று போனால் ஒன்பது தாங்கும், பத்தில் ஒரு பங்கு ஒதுக்கினால் போதும். பெரிய கம்பெனிக்காரர் “நாங்கள் எண்பது சதவீதம் நிரப்புகிறோம்” என்று மேடையில் சொல்வதைக் கேட்டுவிட்டு மூன்று சர்வர் வைத்திருப்பவர் அதையே செய்யப் போவதுதான் வினை.

எல்லோரும் உதாரணம் காட்டும் கூகுளையே எடுத்துக்கொள்வோம். குபர்னெட்டிஸுக்கு முன்னோடியான போர்க் என்ற தங்கள் அமைப்பைப் பற்றி அவர்கள் 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மக்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சர்வீஸ்களையும், பின்னணியில் நிதானமாக ஓடும் கணக்கு வேலைகளையும் ஒரே மெஷின்களில் கலந்து போடுகிறார்கள். தனித்தனியாகப் பிரித்தால் ஒரு நடுத்தர கிளஸ்டருக்கு 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் மெஷின் தேவைப்படும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பெரிய லாபம், மறுக்கவில்லை. ஆனால் அந்த லாபம் எப்படிக் கிடைக்கிறது? நெருக்கடி வந்தால் பின்னணி வேலையைப் பாதியில் நிறுத்தித் தூக்கி வெளியே போட்டுவிடலாம், பிறகு ஓட்டிக்கொள்ளலாம். அந்த வேலைதான் அவர்களுடைய காலி இடம். அதே கட்டுரையில், மெஷின்களை இறுக்கி நிரப்பும் முறையில் கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் தண்டனை கடுமை என்றும் எழுதியிருக்கிறார்கள். நம் ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட என்ன இருக்கிறது? மாதக் கடைசி ரிப்போர்ட் ஒன்று. மற்றதெல்லாம் இப்போதே வேண்டும்.

இன்னொரு சங்கதி. ஷெட்யூலர் பார்ப்பது ஒவ்வொரு சர்வீஸும் “எனக்கு இவ்வளவு வேண்டும்” என்று எழுதிக் கொடுத்த அளவை. உண்மையில் எவ்வளவு தின்கிறது என்பதை அல்ல. பயந்த புரோகிராமர் 1 ஜிபி போதுமான இடத்தில் 4 என்று எழுதுவான். அலட்சியக்காரன் எதுவுமே எழுத மாட்டான். முதல்வனால் மெஷின் சும்மா இருக்கும்போதே “இடமில்லை” என்று பதில் வரும். இரண்டாமவனுடைய சர்வீஸ், மெமரி தட்டுப்பாடு வந்ததும் முதலில் வெளியேற்றப்படுவோர் பட்டியலில் நிற்கும். பிராசசர் போதாவிட்டால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். மெமரி போதாவிட்டால் உயிரே போய்விடும். இந்த எண்களை யாராவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறார்களா என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதில்.

அதைவிட முக்கியம், எதையெல்லாம் சேர்த்து வைக்கக் கூடாது என்பது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் டேட்டாபேஸுக்கு இரண்டு பிரதிகள், இரண்டு சர்வரில், இரண்டு ரேக்கில். வரைபடத்தில் பக்கத்தின் இரண்டு மூலையில் அழகாக இருக்கும். இரண்டு ரேக்குக்கும் கரண்ட் வந்தது ஒரே யுபிஎஸ்ஸிலிருந்து. ஒரு நாள் பேட்டரி காலை வாரியது. இரண்டு பிரதிகளும் ஒரே வினாடியில் நின்றன. அன்று குபர்னெட்டிஸ் இருந்திருந்தாலும் இதே கதைதான். இந்த மெஷின் இந்த யுபிஎஸ்ஸைச் சேர்ந்தது என்று நாம் சீட்டு ஒட்டிவைத்தால், பிரதிகளைப் பிரித்து வை என்று விதியும் எழுதினால், அது பிரித்து வைக்கும். சீட்டு இல்லாவிட்டால் அதன் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு மெஷின், வேலை முடிந்தது.

அந்த விதியிலும் இரண்டு வகை உண்டு. ‘முடிந்தால் பிரித்து வை’, ‘கட்டாயம் பிரித்து வை’. முதலாவதை எழுதினால், இட நெருக்கடியில் இரண்டு பிரதிகளும் ஒரே மெஷினில் போய் உட்காரலாம். எல்லா விளக்கும் பச்சையாகவே எரியும். இரண்டாவதை எழுதினால் ஒரு பிரதி இடமில்லாமல் காத்திருக்கும், சிவப்பு விளக்கு எரியும், ராத்திரி யாருக்காவது போன் வரும். டேட்டாபேஸுக்கு இரண்டாவதைத்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. ராத்திரி போனுக்குப் பயந்து முதலாவதை எழுதுகிறவர்களே அதிகம்.

எண்பதுகளில் டிஜிட்டல் கம்பெனியின் வேக்ஸ் கிளஸ்டர்களில் இரண்டு மெஷினுக்கு நடுவே ஒரு டிஸ்க்குக்கும் ஓட்டுரிமை கொடுப்பார்கள். ஒன்று விழுந்தால் மற்றதும் டிஸ்க்கும் சேர்ந்து பெரும்பான்மை. இன்றைக்கு குபர்னெட்டிஸ் தன் குறிப்புகளைச் சேமிக்கும் எட்சிடியிலும் அதே பெரும்பான்மைக் கணக்குதான். மூன்று உறுப்பினரில் ஒருவர் போகலாம், இருவர் போகக் கூடாது. இரண்டே அறை வைத்துக்கொண்டு மூவரைப் பிரித்தால் ஏதோ ஓர் அறையில் இருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த அறை போனால் எல்லாம் போச்சு. ஒரே ஓட்டுக்காகவாவது மூன்றாவது இடம் தேட வேண்டும். இதையும் செலவுக் கணக்கில் வெட்டிவிடுவார்கள்.

சர்வர் ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அதில் இருந்த சர்வீஸ்களை வேறு மெஷினுக்கு மாற்றுவதற்கு முன் குபர்னெட்டிஸ் 5 நிமிடம் பொறுத்துப் பார்க்கும். பிறகு மற்ற மெஷின்களில் இடம் தேடும். இடம் போதாவிட்டால் யாருக்கு முன்னுரிமை? எழுதி வைத்திருந்தால் அதன்படி. எழுதாவிட்டால் எல்லோரும் சமம், வரிசையில் யார் முன்னால் நின்றார்களோ அவர்களுக்கு. எஸ்.எம்.எஸ். சர்வீஸ் முந்திக்கொண்டு லேப் ரிசல்ட் வெளியே நிற்கும். பில்லிங் பெரிதா, லேப் ரிசல்ட் பெரிதா என்று ஷெட்யூலருக்குத் தெரியாது. என் அக்கா மகனுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியின் டீன் சொல்ல வேண்டியது அது. அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவரோ இதெல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

ஒரு தாளில் சர்வீஸ்களின் பெயரை எழுதி, நிற்கக் கூடாதது மேலே, நின்றால் பரவாயில்லை என்பது கீழே என்று வரிசைப்படுத்தி டீனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகு, கூட்டம் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் விழித்திருக்கும்போது, மூன்றில் ஒரு சர்வரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கலாம். முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான்.