பூனை வீம்பு பிடிக்கவில்லை

பூனை வளரும் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. பூனை சீறுகிறது, பீரோ மேல் ஏறிக்கொள்கிறது, சாப்பாட்டைத் தொட மறுக்கிறது. "நாயும் பூனையும்னா அப்படித்தான், பிறவிப் பகை" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். இது பொய். அதைவிட மோசம், இதை நம்புகிறவர்கள் பூனைக்காகச் செய்ய வேண்டிய எதையும் செய்வதில்லை.

எலியை எடுத்துக்கொள்வோம். அதைவிடப் பெரிய பிறவிப் பகை பூனைக்கு எது? சீன உளவியலாளர் குவோ 1930இல் வெளியிட்ட ஆய்வில், எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. எலியோடே வளர்ந்த 18 குட்டிகளில் கொன்றவை மூன்றுதான். நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் பகை இல்லை. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் அறிமுகமான வீடுகளில் உறவு இன்னும் நன்றாக இருந்தது. ஒன்றின் உடல்மொழியை மற்றது கற்றுக்கொண்டும் இருந்தது. பூனைக்குட்டிக்குப் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை பிற உயிர்களோடு பழகும் பருவம். அப்போது நாயையே பார்க்காத பூனைக்குப் பிறகு நாய் அந்நியம். அந்நியம் வேறு, பகை வேறு.

சரி, வளர்ந்த பூனை ஏன் இத்தனை முகம் சுளிக்கிறது? அதன் வீடு வாடையால் ஆனது. கதவு நிலையிலும் சோபா முனையிலும் நம் காலிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது வெறும் கொஞ்சல் இல்லை. தன் வாடையைப் பூசி, இது பத்திரமான இடம் என்று குறித்துக்கொள்கிறது. மூக்கு போதாதென்று, வாடையை அறிய மேலண்ணத்தில் தனி உறுப்பும் அதற்கு உண்டு. விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கை உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கிற பிராணி அது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரே நாளில் நாயின் எச்சிலும் ரோமப் பிசுக்கும் ஈர வாடையும் பரவினால், அது இட்டுவைத்த அடையாளமெல்லாம் மூழ்கிப்போகிறது. அந்தப் பதற்றத்தைத் திமிர் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

"பழகிடும்" என்று பூனையைத் தூக்கி நாயின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்களே, அது கொடுமை. மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையில் அழற்சியை உண்டாக்கலாம். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சில நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் கல்லீரல் கெடும். கோபித்துக்கொண்டு கிடக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நாயை வேறு அறையில் வையுங்கள். அது படுத்த துணியைப் பூனை இருக்குமிடத்திலும், பூனை படுத்ததை நாயிடமும் போடுங்கள். முதலில் வாடை பழகட்டும். நேரில் காட்டும்போது நாய் கயிற்றில் இருக்கட்டும், பூனைக்கு ஏறிக்கொள்ள உயரமான இடம் இருக்கட்டும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், பூனை இருக்கும் வீட்டுக்கு நாயைக் கொண்டுவராதீர்கள்.