மென்பொருள் கையேடு: பிடிஎஃப் போதுமா, வலைப்பக்கம் வேண்டுமா?

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு மளிகைக் கடைக்காரர் பில் போடும் மென்பொருள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி விகிதத்தை மாற்ற வேண்டும். கையேடோ 80 பக்க பிடிஎஃப். செல்போனில் திறந்து, விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். ‘அட, போங்கப்பா’ என்று மூடிவிட்டு, விற்றவருக்கே போன் அடிப்பார்.

ஜோஹோ நிறுவனம் 2011-ல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் தொடங்கியது. பக்கத்திலுள்ள மத்தளம்பாறையில் அதன் வளாகம் இயங்குகிறது. சென்னைக்குப் போகாமலேயே மென்பொருள் எழுதலாம் என்பதைக் காட்டிய வட்டாரம் இது. ஆனால், எழுதியதைப் பயன்படுத்துபவருக்குப் புரியவைப்பதும் பாதி வேலை.

தமிழுக்கு என்ன சிக்கல்?

பிடிஎஃப் என்பது அச்சுத்தாளின் நகல். எழுத்து எந்த இடத்தில், எந்த வடிவில் நிற்க வேண்டும் என்பதே அதற்கு முக்கியம். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால் நிற்கும். கோப்பைச் சரியாக உருவாக்காவிட்டால், நகலெடுக்கும்போது இவை இடம் மாறிவிடும்; தேடினாலும் சொல் கிடைக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது என்றால் கேட்கவே வேண்டாம். ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். தமிழக அரசு 2010-லேயே யுனிகோடை ஏற்றுக்கொண்டும் இந்தப் பழக்கம் முழுதாக ஒழியவில்லை.

யுனிகோடில் எழுதிய எச்டிஎம்எல் பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. திரைக்கு ஏற்ப வரி மடங்கும். கூகுளில் தேடினால் அகப்படும். பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும். தவறு இருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவும் 2018-ல், பிடிஎஃப்பைவிட எச்டிஎம்எல்லே மேல் என்று தன் துறைகளுக்கு எடுத்துச்சொன்னது.

அப்படியானால் பிடிஎஃப் வேண்டாமா?

வேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்திலும், அச்சடித்துக் கல்லாப்பெட்டி அருகே மாட்டிவைக்கவும் அதுதான் கைகொடுக்கும். அதற்காக இரண்டையும் தனித்தனியே எழுதத் தேவையில்லை. 2004-ல் அறிமுகமான மார்க்டவுன் போன்ற எளிய முறையில் மூலத்தை ஒருமுறை எழுதினால், அதிலிருந்தே வலைப்பக்கம், பிடிஎஃப் இரண்டையும் எடுத்துவிடலாம்.

ஆகவே மூலம் ஒன்று, முதல் இடம் வலைப்பக்கத்துக்கு, பிடிஎஃப் துணைக்கு என்பதே சரியான வரிசை. கையேட்டின் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டியது எழுதுபவரின் வசதி அல்ல. கடையில் ஆள் காத்து நிற்கும்போது போனில் விடை தேடுபவரின் அவசரம்.