‘சஹஜ்’ யாருக்கு எளிது?

இந்திய வருமானவரித் துறையின் முதற் படிவத்துக்குச் ‘சஹஜ்’ என்று பெயர். இயல்பானது, எளிது என்பது பொருள். நான்காம் படிவத்துக்குச் ‘சுகம்’ என்று பெயர். தமிழர் இதை நலம் என்று படித்துவிடக்கூடும். இந்தச் சொல்லுக்கு எளிதில் செல்லத்தக்கது என்றே பொருள். இவ்விரண்டு படிவங்களுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு: வரிச் சட்டத்தின் கண்ணில் இந்தியாவில் வசிக்காதவர் இவற்றைத் தொடக் கூடாது. அவருக்கு உரியது இரண்டாம் படிவம். அதற்குச் செல்லப்பெயர் எதுவும் இல்லை. எளிமையை எங்கே வைப்பது என்று தீர்மானித்தவர்கள், அதை யாருக்கு மறுப்பது என்றும் தீர்மானித்திருக்கிறார்கள்.

செம்பூர் திலக் நகரின் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் ஒரு சிறிய வீட்டை எண்ணிக்கொள்வோம். வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வெல்டர். மாத வாடகை 20,000 ரூபாய். அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால், குடியிருப்பவர் வாடகையில் 30 விழுக்காட்டையும், அதன்மேல் 4 விழுக்காடு செஸ்ஸையும் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். மாதம் 6,240 ரூபாய். ஆண்டுக்கு 74,880 ரூபாய். அந்த வெல்டர் உண்மையில் கட்டவேண்டிய வரி எவ்வளவு? ஆண்டு வாடகை 2,40,000 ரூபாயில் சட்டம் தரும் 30 விழுக்காட்டுக் கழிவு போக எஞ்சுவது 1,68,000 ரூபாய். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே இல்லை. இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் அவர் கட்டவேண்டியது சுழி. அடுத்த வீட்டுக்காரர் திலக் நகரிலேயே வசித்து, அதே வாடகைக்கு விட்டிருந்தால், தனிநபரான அவருடைய குடித்தனக்காரர் ஒரு ரூபாயும் பிடிக்கத் தேவையில்லை. அந்தக் கடமை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டிய வாடகைக்கே உரியது.

ஆக, கட்டவேண்டாத வரி 74,880 ரூபாய் அரசிடம் தங்குகிறது. அதைத் திரும்பப் பெற ஒரே வழி கணக்குத் தாக்கல். இங்கேதான் உதவி தேவைப்படுகிறது. இங்கேதான் அது விலக்கவும் பட்டிருக்கிறது. எளிய மக்களுக்காகவே 2006-இல் வரிக்கணக்குத் தயாரிப்பாளர் திட்டம் அறிவிக்கப்பட்டது. பட்டதாரி இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, 250 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் கணக்குத் தாக்கல் செய்து தரச் செய்வது அதன் நோக்கம். நல்ல திட்டம். ஆயினும், அந்த ஆண்டில் இந்தியாவில் வசிக்காதவர் இத்தயாரிப்பாளர் வழியாகக் கணக்குத் தாக்கல் செய்யலாகாது என்று அத்திட்டமே விதித்தது. எளிய படிவமும் இல்லை, எளிய கட்டணமும் இல்லை. எஞ்சுவது ஆடிட்டர் கேட்கும் தொகை. தாக்கல் செய்த பின்னும் 30 நாளுக்குள் அதை உறுதிசெய்யவேண்டும். ஆதார் வழி ஓடிபி இந்தியக் கைபேசி எண்ணுக்கு வரும். அந்த சிம் எப்போதோ காலாவதியாகியிருந்தால், இணைய வங்கி போன்ற மாற்று வழிகளைத் தேடவேண்டும், அல்லது அச்சிட்டுக் கையொப்பமிட்ட தாளைப் பெங்களூருக்கு அஞ்சலில் அனுப்பவேண்டும்.

குறைவாகப் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை முன்கூட்டியே பெறலாமே என்பர். பெறலாம், அதுவும் ஒரு விண்ணப்பம், அதற்கும் அதே ஆடிட்டர். வெளிநாட்டில் சம்பாதிப்பவர் வசதியானவர்தானே என்றும் கேட்பர். இக்கேள்விக்கு அரசே 2020-இல் விடை அளித்துவிட்டது. அவ்வாண்டு நிதிநிலை அறிக்கையில், எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமக்களை இந்தியாவில் வசிப்பவராகவே கருதும் விதி முன்மொழியப்பட்டது. வளைகுடா முழுதும் அச்சம் பரவியது. மறுநாளே, பிப்ரவரி 2 அன்று, உண்மையான தொழிலாளர்கள் இதன் இலக்கல்லர் என்று நிதி அமைச்சகம் விளக்கியது. பின்னர், இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுவோருக்கே அவ்விதி என்று சட்டத்தில் வரம்பிடப்பட்டது. வரி வாங்கும்போது செல்வரையும் வெல்டரையும் பிரித்தறிய முடிந்த அரசுக்கு, உதவி வழங்கும்போது மட்டும் இருவரும் ஒரே ஆளாகத் தெரிவதேன்?

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரிய புதிய வருமானவரிச் சட்டம் இக்குறையைத் தீர்க்கும் என்று நம்புவோர் உண்டு. பழைய சட்டத்தின் 5.12 லட்சம் சொற்கள் 2.6 லட்சமாகக் குறைந்துள்ளன என்பது அரசின் பெருமிதம். சொல்லை எண்ணி எளிமையை அளப்பதை முதலில் மறுக்கவேண்டியவர்கள் மொழியியலார். ‘வசிக்காதவர்’ என்னும் ஒரே சொல்லைப் பாருங்கள். 2025 நவம்பரில் வேலைக்காக ஷார்ஜா சென்றவர், அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி புறப்பட்ட நாள் முதல் வசிக்காதவர். அவருடைய வங்கிக் கணக்கு என்ஆர்ஓ கணக்காக மாறவேண்டும். வருமானவரிச் சட்டத்தின்படி அவர் அந்நிதியாண்டு முழுவதும் வசிப்பவர். ஏனெனில் 182 நாளுக்கு மேல் இங்கே இருந்துவிட்டார். ஒரே மனிதர், ஒரே நாள், இரண்டு நிலை. சட்டப் புத்தகம் பாதியாக இளைத்தாலும் இந்தக் குழப்பம் இளைக்காது. இதை அவருடைய தந்தைக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கே இருக்கிறார்? அமெரிக்காவில் 1969-இல் வேர்கொண்ட தன்னார்வ வரி உதவித் திட்டத்தின்கீழ், பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கு இலவசமாகக் கணக்குத் தாக்கல் செய்ய உதவுகின்றன. அங்கே சென்று படித்த நம் ஆய்வாளர் பலருக்கு இது செய்தியன்று. அந்த உதவியைப் பெற்றவர்களே அவர்களிற் பலர். திலக் நகரிலிருந்து மாட்டுங்காவின் போதார் வணிகவியல் கல்லூரியும், சயானின் எஸ்ஐஇஎஸ் கல்லூரியும், தேவ்நாரின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. புலம்பெயர்வு பற்றிக் கருத்தரங்கு நடத்த அரங்கு கிடைக்கிறது. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பறையைத் திறந்து, ஒரு வணிகவியல் மாணவரையும் ஒரு தமிழறிந்த மாணவரையும் ஒரே மேசையில் அமர்த்த மட்டும் இடமில்லையா?

அரசு செய்யவேண்டியவை இரண்டு. 2006 திட்டத்தின் அந்த விலக்கை நீக்கவேண்டும். வாடகையும் வட்டியும் மட்டுமே உடைய, 15 லட்சத்துக்கு உட்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளருக்கு எளிய படிவத்தைத் திறந்துவிடவேண்டும். கல்விப்புலம் செய்யவேண்டியது ஒன்றுதான்: வரி தெரியாத மக்கள் என்று பேசுவதை நிறுத்திவிட்டு, அந்த 74,880 ரூபாயை மீட்டுத் தரும் மேசையில் வந்து அமர்வது.